கணிப்பும் பணயமும் – ஒரு மஸ்அலா விளக்கம்

மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுளருகே நாம் அமர்ந்திருந்தபொழுது, ஒரு தகப்பனார் தம் மகனைக் கையோடு அழைத்து வந்தார். “ஹஜ்ரத்! இவன் சூதாடுகிறான். நான் சொன்னால் கேட்க மாட்டேனென்கிறான். நீங்கள்தான் கண்டிக்க வேண்டும்” என்றார். மகனோ கல்லூரியில் படிக்கும் பிள்ளை; ஐங்காலத் தொழுகையில் குறை வைக்காதவர். அவர் தலை குனியவில்லை.

“வாப்பா சொல்வது சரியில்லை ஹஜ்ரத். நாங்கள் ஐந்து சேக்காளிகள். வெளிநாட்டில் நடக்கிற யூ.எஃப்.சி. சண்டையில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே எழுதி வைப்போம். எவனுடைய கணிப்பு ரொம்பத் தப்பாகப் போகிறதோ, அவன் மற்ற நாலு பேருக்கும் பிரியாணி வாங்கித் தரவேண்டும். அவ்வளவுதான். பணம் கைமாறுவதில்லை. சீட்டுக் குலுக்குகிற மாதிரி அதிர்ஷ்டமும் இல்லை. ஒவ்வொரு வீரரையும் படித்து, அலசிப் பார்த்துச் சொல்கிறோம். அறிவை வைத்துச் சொல்வது எப்படிச் சூதாகும்?” என்று கேட்டார்.

நாம் கண்டிப்போம் என்று தகப்பனார் எதிர்பார்த்தார். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. நியாயமான கேள்விக்குக் கோபம் பதிலாகாது. “தம்பி, இரண்டு நாள் தவணை கொடுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்றிரவு கிதாபுகளைப் புரட்டினோம். இதே விளையாட்டு இன்று பல வீடுகளில் கைபேசிக்குள் நடக்கிறது. பெற்றோர் பலருக்கு அது இன்னதென்றே தெரியவில்லை. ஆகவே நாம் கண்டதை இங்கே வாசகர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் அந்தச் சண்டை எத்தகையது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் அறிந்துகொள்வது அவசியம். எண்கோண வடிவக் கம்பிக் கூண்டுக்குள் இருவர் மோதுவார்கள். குத்து, உதை, முழங்கை இடி, மல்யுத்தப் பிடி, கழுத்தை இறுக்குதல் எல்லாம் அதில் உண்டு. ஒரு சுற்று 5 நிமிடம். சாதாரணப் போட்டிக்கு 3 சுற்றுகள், பட்டத்துக்கான போட்டிக்கு 5 சுற்றுகள். ஒருவர் நினைவிழந்து விழுந்தாலோ, தாங்க முடியாமல் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டாலோ, நடுவர் தடுத்து நிறுத்தினாலோ போட்டி முடியும். இல்லையேல் மூன்று தீர்ப்பாளர்கள் புள்ளியிட்டு முடிவு சொல்வார்கள். அமெரிக்காவில் 1993-ம் ஆண்டு தொடங்கிய யூ.எஃப்.சி. என்னும் நிறுவனமே இவற்றை நடத்துவதில் பெரியது.

நம் பிள்ளைகளின் உள்ளத்தில் இது இடம்பிடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: தாகிஸ்தானைச் சேர்ந்த ஹபீப் நூர்மகமெதோவ். நம் கடற்கரை ஊர்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மக்கள் வாழும் மலைநாடு அது. 2018-ம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரில் நடந்த பேட்டியின்போது, அயர்லாந்து வீரர் கானர் மெக்ரிகர் ஊர் பார்க்க விஸ்கியை நீட்ட, ஹபீப் மறுத்துவிட்டார். அக்டோபர் 6-ந் தேதி லாஸ் வேகாஸ் நகரில் நடந்த போட்டியில், நான்காம் சுற்றில் மெக்ரிகரின் கழுத்தை இறுக்கித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார். ஒரு போட்டியிலும் தோற்காமல், 29 வெற்றிகளோடு 2020-ல் ஓய்வு பெற்றார். விஸ்கியை மறுத்த செய்தியைக் கேட்டு நாமும் மகிழ்ந்தவர்தாம், மறைப்பானேன்? ஆனால் அதே இரவில், வென்ற கையோடு கூண்டைத் தாண்டிக் குதித்து எதிராளியின் கூட்டத்தாரோடு மோதியதற்காக அவருக்குத் தடையும் 5 லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன என்பதையும் பிள்ளைகள் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். ஒரு முஸ்லிம் செய்தார் என்பது ஒரு காரியம் ஆகுமானது என்பதற்கு ஆதாரமாகாது.

இந்தச் சண்டையைப் பற்றிய சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுவோம். அடிக்க நேர்ந்தாலும் முகத்தைத் தவிர்த்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. மக்கா முகர்ரமாவில் ராபித்தாவின் ஃபிக்ஹு சபை 1987-ம் ஆண்டு கூடிய தன் பத்தாவது அமர்வில், குத்துச்சண்டையும், ஒருவரையொருவர் ஊறு செய்ய இடமளிக்கும் கட்டற்ற மல்யுத்தமும் ஹராம் என்று முடிவு செய்தது. உடற்பயிற்சிக்கான மல்யுத்தத்தை அது தடுக்கவில்லை. முகத்தில் குத்துவதையே ஒரு வழியாகக் கொண்ட இந்தப் புதிய சண்டை எந்தப் பக்கம் சேரும் என்பது விளங்குகிறதன்றோ? அவ்ரத்தைப் பேணாத உடை, நள்ளிரவு தாண்டிக் கண் விழித்து ஃபஜ்ரைக் கோட்டை விடுதல் ஆகியவை வேறு. இதை வேடிக்கை பார்த்துப் பொழுது போக்காமலிருப்பதே நலம் என்பது நம் கருத்து. எனினும் தம்பி கேட்டது சண்டையைப் பற்றியன்று, கணிப்பைப் பற்றி. அதற்கு வருவோம்.

‘நாளை நடப்பதைச் சொல்வதே குற்றம், மறைவானதை அல்லாஹ் ஒருவனே அறிவான்’ என்று தகப்பனார் வாதிட்டார். மறைவான ஞானம் அல்லாஹுத் தஆலாவுக்கே உரியது என்பதில் ஐயமில்லை. நாளை தான் எதைச் சம்பாதிக்கும் என்பதை எந்த ஆத்மாவும் அறியாது என்று திருமறை (31:34) அறிவிக்கிறது. ஆயினும் தகப்பனார் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டார். அடையாளங்களைப் பார்த்து ‘இப்படி இருக்கலாம்’ என்று மதிப்பிடுவது கைபைச் சொந்தம் கொண்டாடுவதாகாது.

இதற்கு நம் ஃபிக்ஹிலேயே அழகான சான்று இருக்கிறது. பேரீச்சையும் திராட்சையும் பழுக்கத் தொடங்கும்போது, விவரம் தெரிந்த ஒருவர் தோட்டத்தைச் சுற்றிவந்து, ‘உலர்ந்தபின் இத்தனை அளவு தேறும்’ என்று மதிப்பிடுவார். அதை வைத்து ஜகாத் கணக்கிடப்படும். இதற்கு ‘கர்ஸ்’ என்று பெயர். ஷாஃபிஈ மத்ஹபில் இது சுன்னத்து. தபூக் பயணத்தின்போது வாதில் குரா என்னுமிடத்தில் ஒரு பெண்மணியின் தோட்டத்தைக் கண்டு, அதன் விளைச்சலை மதிப்பிடும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களிடம் கூறினார்கள். தாங்களும் பத்து வஸக் என்று மதிப்பிட்டு, எவ்வளவு தேறுகிறதென்று கணக்கு வைத்துக்கொள்ளும்படி அப்பெண்மணியிடம் சொன்னார்கள். திரும்பி வந்து கேட்டபோது பத்து வஸக்கே தேறியிருந்தது. இது புகாரியில் வரும் செய்தி.

வருங்காலத்தை அனுமானிப்பதே குற்றமென்றால் கர்ஸ் எங்ஙனம் சுன்னத்தாகும்? ஆகவே ஹபீபும் மெக்ரிகரும் மோதப்போகிறார்கள் என்றால், ‘மெக்ரிகர் இவ்வகைச் சண்டைக்கு வந்து இரண்டாண்டு ஆகப்போகிறது, அவருடைய இடக்கை வலியதுதான், ஆனால் தரையில் வீழ்த்தப்பட்டால் எழுவது கடினம், சுற்று ஏற ஏற அவருக்கு மூச்சு வாங்கும், ஹபீபோ சிறு வயதிலிருந்தே தகப்பனாரிடம் மல்யுத்தம் பயின்றவர், ஆகவே ஹபீப் வெல்லலாம் என்று எண்ணுகிறேன்’ என்று ஒருவர் சொல்வது தோட்டக்காரர் தேங்காய் மதிப்பிடுவது போன்றதே. வீரரின் வயது, கை நீளம், இதற்குமுன் எத்தகையவரோடு மோதினார், எடை குறைக்கப் பட்டினி கிடந்து வாடினாரா, போட்டிக்குத் தயாராகப் போதிய நாள் கிடைத்ததா என்பனவே இந்தப் பிள்ளைகள் பார்க்கும் அடையாளங்கள். இவ்வளவில் நாம் தம்பியின் பக்கமே.

ஆனால் ‘எண்ணுகிறேன்’ என்னும் சொல் அந்த வாக்கியத்திலிருந்து கழன்று விழுந்தால் காரியம் மாறிவிடும். ‘ஹபீப்தான், மூன்றாம் ரவுண்டு, எழுதி வைத்துக்கொள்’ என்று அடித்துச் சொல்லும் பழக்கத்தைக் கவனியுங்கள். மெக்ரிகருக்கே ‘மிஸ்டிக் மேக்’ என்று, மறைபொருள் அறிந்தவர் என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 2015 டிசம்பரில் ஜோஸே ஆல்டோ என்ற பிரேசில் வீரரை முதல் சுற்றிலேயே வீழ்த்துவேன் என்றார். 13 விநாடியில் வீழ்த்தியும் விட்டார். உலகமே வியந்தது. மூன்று மாதம் கழியவில்லை. 2016 மார்ச்சில், வெறும் பதினொரு நாள் அவகாசத்தில் போட்டிக்கு ஒப்புக்கொண்ட நேட் டியாஸிடம் இரண்டாம் சுற்றில் கழுத்து நெரிபட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்பொழுது அந்த ஞானம் எங்கே போயிற்று? குறிகாரனிடம் போய் ஒன்றைக் கேட்பவனின் நாற்பது நாள் தொழுகை ஒப்புக்கொள்ளப்படாது என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. சண்டையை அலசுபவர் குறிகாரர் அல்லர். ஆனால் தமக்கு மறைவு தெரியும் என்று நடிக்கத் தொடங்கினால், அந்த வாசலை நோக்கித்தான் நடக்கிறார்.

அடையாளங்கள் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அவை அடையாளங்களே. 2022 ஆகஸ்ட் 20-ந் தேதி அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் கமாரு உஸ்மானும் லியான் எட்வர்ட்ஸும் மோதினார்கள். யூ.எஃப்.சி.யில் உஸ்மான் அதுவரை தோற்றதேயில்லை. அடுத்தடுத்து 15 வெற்றிகள். முதல் சுற்றில் எட்வர்ட்ஸ் சற்று மிடுக்கோடு நின்றார். அதன்பின் உஸ்மானின் கையே ஓங்கியிருந்தது. கடைசிச் சுற்று முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. புள்ளிக் கணக்கில் உஸ்மான் வென்றாயிற்று என்று பார்த்தவர்கள் எழுந்துபோகும் நேரம். அப்பொழுது எட்வர்ட்ஸின் இடக்கால் உஸ்மானின் தலையில் விழுந்தது. அவர் கட்டை சாய்ந்ததுபோல் சாய்ந்தார். அன்று உஸ்மானை எழுதி வைத்தவர்கள் அறிவில்லாதவர்களா? இல்லை. இருபத்து நான்கு நிமிடம் வரை அவர்கள் கணிப்பே சரியாக இருந்தது. எஞ்சியிருந்த ஒரு நிமிடம் யார் கையில் இருந்தது என்பதுதான் விஷயம்.

இனி, தம்பியின் உண்மையான வாதத்துக்கு வருவோம். ‘அதிர்ஷ்டம் இருந்தால் சூது, அறிவு இருந்தால் சூதன்று’ என்பது அவர் கணக்கு. இதே வாதத்தைத்தான் பணம் கட்டி ஆடும் கைபேசி ஆட்டங்களை நடத்துவோரும் நீதிமன்றங்களில் சொல்லி வந்தார்கள். 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும்போது, திறமை என்றும் அதிர்ஷ்டம் என்றும் பிரித்துப் பார்க்கவில்லை. நம் இமாம்கள் அந்தப் பிரிவினையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒதுக்கிவிட்டார்கள் என்பதுதான் அன்றிரவு கிதாபில் நாம் கண்டது.

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், குதிரைப் பந்தயம், அம்பெய்தல் பற்றிய பாடத்தை எடுத்துப் பாருங்கள். அம்பெய்தலைவிட அறிவும் பயிற்சியும் வேண்டிய ஒன்று உண்டா? அதில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை? அப்படியிருந்தும், போட்டியிடும் இருவருமே பணயம் வைத்து, ‘நீ வென்றால் என்னுடையது உனக்கு, நான் வென்றால் உன்னுடையது எனக்கு’ என்று பேசிக்கொண்டால் அது கூடாது. பணயம் ஏதும் வைக்காத மூன்றாமவர் ஒருவர் போட்டியில் இணைந்தாலே அது செல்லும். ஏன்? ஒவ்வொருவரும் ஒன்றைப் பெறுவதற்கும் இழப்பதற்கும் நடுவே நிற்கிறார்கள். அந்த நிலைக்குப் பெயர்தான் கிமார், அதாவது சூது. ஆக, இமாம்களின் உரைகல் ‘அறிவா, அதிர்ஷ்டமா’ என்பதன்று. ‘என் லாபம் உன் நஷ்டத்திலிருந்து வருகிறதா’ என்பதே. ஹனஃபி மத்ஹபிலும் இருபுறமும் பணயம் வைப்பது சூதே.

இன்னும் கேளுங்கள். அதே பாடத்தில், பணயத்துக்கு இடமில்லாதவற்றின் வரிசையில் மல்யுத்தத்தையும் இமாமவர்கள் சேர்க்கிறார்கள்; மத்ஹபில் அதுவே சரியான சொல். பணயமின்றி மல்லுக்கு நிற்பது ஆகும். பணயம் வைத்துக்கொண்டு என்றால், மல்லுக்கு நிற்பவருக்கே கூடாது. கையில் மூடி வைத்திருப்பது என்ன என்று கணித்துச் சொல்லும் பந்தயமும் அதே வரிசையில் இருக்கிறது! களத்தில் வியர்வை சிந்தும் மல்லருக்கே அனுமதிக்கப்படாத ஒன்று, ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் பிரியாணிக் கடையில் உட்கார்ந்து ‘யார் வெல்வார்’ என்று சொல்பவருக்கு எப்படி ஆகும்?

ஒரு வரலாற்றுச் செய்தியும் இங்கே பொருந்தும். மக்காவில் நாயகம் (ஸல்) அவர்கள் வாழ்ந்த காலத்தில் பாரசீகர் ரோமரை முறியடித்தனர், கி.பி. 614-ல் பைத்துல் முகத்தஸையும் கைப்பற்றினர். குறைஷிகள் மகிழ்ந்தார்கள். அப்பொழுது, தோற்ற ரோமர் சில ஆண்டுகளில் வெல்வார்கள் என்று சூரத்துர் ரூமின் தொடக்க வசனங்கள் அறிவித்தன. அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் அதை நம்பி, குறைஷிகளோடு பந்தயம் கட்டினார்கள். சூது தடுக்கப்படுவதற்கு முன்பு நடந்தது இது என்று திர்மிதியின் அறிவிப்பிலேயே வருகிறது. ‘சில’ என்று வந்த அரபுச் சொல் மூன்றிலிருந்து ஒன்பது வரை குறிக்கும். அவர்கள் நடுவாக ஆறு ஆண்டு என்று தவணை குறித்தார்கள். அந்த அறிவிப்பின்படி ஆறு ஆண்டு கழிந்தும் ரோமர் வெல்லவில்லை. பணயத்தைக் குறைஷிகள் எடுத்துக்கொண்டார்கள். ஏழாம் ஆண்டில் ரோமர் வென்றார்கள்.

இதை நாம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தோம். வெற்றி உறுதி என்பது அல்லாஹ்வின் வாக்கு. அதில் அணுவளவும் பிசகு வரவில்லை. ஆண்டைக் குறித்தது மனித மதிப்பீடு; அது தவறிற்று. மதிப்பிட்டவர் யார்? உம்மத்தில் முதல்வரான சித்தீக் (ரலி) அவர்கள்! நம் பிள்ளைகளின் கையிலோ வஹீயும் இல்லை, வாக்கும் இல்லை. ஒரு வீரரின் கை நீளக் கணக்குதான் இருக்கிறது.

பின்னர் மதுவையும் சூதையும் ஷைத்தானின் அருவருப்பான செயல்களில் சேர்த்து, அவற்றைக் கொண்டு உங்களிடையே பகைமையை உண்டாக்கவே அவன் விரும்புகிறான் என்று சூரத்துல் மாயிதா (5:90, 91) அறிவித்தது. ‘பகை எங்கே வந்தது? சிரித்துக்கொண்டுதானே சாப்பிடுகிறோம்’ என்றார் தம்பி. நாம் ஒன்றே ஒன்று கேட்டோம்: “அடிக்கடி தோற்றவர் யார்?” ஒரு பெயரைச் சொன்னார். “அவர் இப்பொழுதும் உங்களோடு வருகிறாரா?” சற்று நேரம் பேசாமலிருந்து, “மூன்று தடவை அவன்தான் வாங்கினான். அதற்குப் பிறகு வேலை இருக்கிறது என்று சொல்லி வருவதில்லை” என்றார்.

பணம் கட்டிப் பந்தயம் வைக்கும் நிறுவனங்களைப் பற்றியும் பெற்றோர் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். இருவரும் சமபலம் என்று கருதப்படும் போட்டியில், 100 வெல்வதற்கு 110 கட்டும்படி வைப்பதே அமெரிக்கப் பந்தயக் கடைகளின் வழக்கமான கணக்கு. அதாவது நூறு கணிப்பில் ஐம்பதைச் சரியாகச் சொல்பவனும் நஷ்டத்தில்தான் எழுவான். ஐம்பத்திரண்டைத் தாண்டினாலே கைப்பணம் தப்பும். லாபமே வந்தாலும் ஹராம் ஹராமே. நஷ்டம் வருவதால் அது ஹராமாகவில்லை. ஆனால் ‘படித்தால் சம்பாதிக்கலாம்’ என்று ஆசை காட்டுபவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. ‘உறுதியான கணிப்பு’ என்று கூலி வாங்கிக்கொண்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். பாவத்துக்குத் துணை நிற்பதற்கான கூலி அது.

போட்டிக்கு உள்ளேயும் இந்த நோய் புகுந்துவிடுகிறது. 2022 அக்டோபரில் யூ.எஃப்.சி. தன் வீரர்கள் தன் போட்டிகளின்மீது பந்தயம் கட்டக் கூடாதென்று தடுத்தது. அடுத்த மாதமே லாஸ் வேகாஸில் ஒரு போட்டி. தொடங்கச் சில மணி நேரம் இருக்கையில் பணமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. மறுபக்க வீரர் முதல் சுற்றிலேயே, ஓர் உதை விட்டுக் கால் நொந்து வீழ்ந்தார். அவர் ஏற்கனவே இருந்த காயத்தை மறைத்தது பிறகு தெரியவந்து, நெவாடா ஆணையம் தடை விதித்தது. ‘கை நீளமும் வயதும் படித்துக் கணித்தேன்’ என்று அன்று பணம் கட்டிய அப்பாவிகள் எதைப் படித்திருந்தால் இதை அறிந்திருப்பார்கள்?

இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்தபோது மஸ்அலாவை இப்படி விளக்கினோம். ஒன்றும் பணயம் வைக்காமல், ‘இவர் வெல்லலாம்’ என்று நண்பர்கள் பேசிக்கொள்வது சூதன்று. அவரவர் பங்கை அவரவர் கொடுத்து ஐவரும் பிரியாணி சாப்பிடுவது ஹலால், தாராளமாகச் சாப்பிடுங்கள். நுழைவுப் பணம் எதுவும் வாங்காமல், போட்டியில் சேராத ஒருவர் தாமாக இனாம் கொடுத்தால் அதிலும் சூதின் குற்றம் இல்லை, யாரும் இழக்கவில்லையல்லவா? ஆனாலும், இலவசம் என்று தொடங்கி மறுவாரம் பத்து ரூபாய் கேட்கும் வலைகளை நாம் பார்த்திருப்பதால், அதையும் நாம் விரும்புவதற்கில்லை. தோற்றவர் கொடுக்க, வென்றவர் உண்பது என்றால், அது பிரியாணியானாலும் தேநீரானாலும் கூடாது. தொகை சிறியதென்பதால் சட்டம் மாறுவதில்லை.

“அப்படியானால் இதுவரை சாப்பிட்டது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவரே கேட்டது நமக்கு மகிழ்ச்சி. தவ்பாவோடு, உண்டதன் விலையை உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்றோம். உரியவரைக் கண்டுபிடிக்கவே முடியாதபோதுதான், அவர் சார்பாக ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது. தம்பி ஒருமுறையும் கடைசியாக வந்ததில்லையாம்; ஐந்து முறை பிறர் செலவில் உண்டிருக்கிறார். ஒரு தாளில் மூன்று பெயர்களையும், எதிரே தொகையையும் எழுதிக் காட்டினார். இருவர் சிரித்துக்கொண்டே, ‘பரவாயில்லை, மனப்பூர்வமாக விட்டுவிட்டோம்’ என்று ஹலாலாக்கிவிட்டார்களாம். அது செல்லும். மூன்றாமவர், மூன்று தடவை வாங்கிக் கொடுத்தவர், போன மாதம் துபாய்க்குப் போய்விட்டார்.

“ஊரில் இல்லாததால் தர்மம் செய்துவிடலாமா ஹஜ்ரத்?” என்று கேட்டார். கூடாது, ஆள் இருக்கிறார், முகவரி இருக்கிறது. முதலில் அவரோடு பேசிவிட்டு, அவர் சொன்னால் அவர் உம்மாவிடம் கொடுங்கள் என்றோம். அன்றிரவே பேசியிருக்கிறார். மறுநாள் அஸருக்குப் பின் தகப்பனாரும் மகனுமாக அந்த வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.